உஷார்! உங்கள் குரலை உயர்த்திவிடுகிறோம் என்று வருகிறார்கள்!

"வணக்கம் சகோதரி. உங்கள் நிகழ்ச்சிக் காணொளி பார்த்தோம். அருமையான குரல்! இந்தக் குரல் கல்யாண மேடையோடு நின்றுவிடக் கூடாது. எங்கள் சிறப்புப் பயிற்சியில் 10 பேருக்கு மட்டுமே இடம். இன்னும் 2 இடம்தான் பாக்கி. இன்றிரவுக்குள் முன்பணம் கட்டினால் பாதி விலை. முடித்தவர்களுக்கு வானொலி, டப்பிங் வாய்ப்பு உறுதி."

இந்த மாதிரி ஒரு செய்தி உங்கள் புலனத்துக்கு வந்திருக்கிறதா? வந்திருந்தால் வங்கிச் செயலியைத் திறப்பதற்கு முன் அதை இன்னொரு தடவை படியுங்கள். புகழ்ச்சி இருக்கிறது. அவசரம் இருக்கிறது. தள்ளுபடி இருக்கிறது. கடைசியில் வாக்குறுதியும் இருக்கிறது. யார் கற்றுத் தருகிறார், என்ன கற்றுத் தருகிறார், எத்தனை மணி நேரம், எந்த ஸ்டூடியோவில், எந்த நிறுவனத்தின் பெயரில் என்பது மட்டும் இல்லை. பணம் கட்டுகிறவன் கேட்க வேண்டிய ஐந்து விஷயமும் அதில் கிடையாது!

பின்னணிக் குரல் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. பொறுமையாக உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்தும் ஆசிரியர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பிலும் சேர்த்தே இந்தக் கூட்டம் மண்ணள்ளிப் போடுகிறது. ஆகவே நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அது இதுதான்: பயிற்சியை விற்கலாம், வாய்ப்பை விற்க முடியாது. வாய்ப்பு, விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்திடமும் வானொலி நிலையத்திடமும் படத் தயாரிப்பாளரிடமும் இருக்கிறது. அதை நடுவில் நின்று விற்கிறவர், தன்னிடம் இல்லாத சரக்குக்குக் காசு வாங்குகிறார்.

குறி யார் மேல்?

ஒன்றும் தெரியாத புதியவர்கள்தாம் ஏமாறுவார்கள் என்று நினைத்தால் தவறு. இந்த வலை விரிக்கப்படுவது பாதிக் கிணறு தாண்டியவர்களுக்கு. வார இறுதியில் கல்யாண மண்டபங்களில் நிகழ்ச்சி நெறியாளராக நிற்பவர், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர், பள்ளி நாட்களில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர், பகுதி நேரமாக ஏதோ ஒரு இணைய வானொலியில் பேசுகிறவர், கடைத்தெரு விளம்பரம் இரண்டு மூன்று பதிவு செய்தவர். இவர்களுக்குக் குரல் இருக்கிறது. கொஞ்சம் அனுபவமும் இருக்கிறது. அடுத்த படிக்கு எப்படிப் போவது என்று மட்டும் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தீபாவளிக்கு முன் நடந்து பாருங்கள். துணிக்கடைக்குக் கடை ஒரு குரல் வாசலில் நின்று கூவிக்கொண்டிருக்கும். அந்தக் குரல்களில் திறமை இல்லையா? இருக்கிறது. அந்தத் திறமைக்கும் தொழிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு வார இறுதி வகுப்புக்கு 3,400 ரிங்கிட் கேட்டால், அந்தச் சம்பளக்காரரின் இரண்டு மாத உழைப்பு இரண்டே நாளில் போகிறது. அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க எத்தனை விளம்பரம் பேச வேண்டும் என்று அந்த வகுப்பில் யாராவது சொல்வார்களா?

சந்தை எவ்வளவு பெரியது?

முதலில் இந்த உண்மையை விழுங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவில் தமிழ்க் குரலுக்கான சந்தை சிறியது. நாட்டில் இந்தியர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். முழுநேரத் தமிழ் வானொலி என்றால் அங்காசாபுரியிலிருந்து வரும் ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம், ஆஸ்ட்ரோ குழுமத்தின் ராகா ஆகிய இரண்டும்தான் உடனே நினைவுக்கு வரும். தொலைக்காட்சிப் பக்கம் ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் போன்ற அலைவரிசைகள், ஆர்டிஎம், பெர்னாமா தமிழ்ச் செய்திகள். இவற்றுக்கு வெளியே விளம்பர நிறுவனங்கள், அரசாங்க அறிவிப்புகள், நிறுவனங்களின் பாதுகாப்புப் பயிற்சிக் காணொளிகள், இணையவழிப் பாடங்கள், கைப்பேசியில் ஓடும் சமூக ஊடக விளம்பரங்கள்.

இந்த வேலைகளுக்கும் ஏற்கெனவே பழகிய குரல்கள் இருக்கின்றன. தயாரிப்பாளருக்கு நேரமில்லை. நேற்று நன்றாகப் பேசியவரையே இன்றும் கூப்பிடுவார். புதிய குரல் நுழைய முடியாது என்றில்லை. மெதுவாகத்தான் நுழைய முடியும். மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் பேசத் தெரிந்த தமிழ்க் குரலுக்கு வாசல் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். இந்த நிலைமையில், "மூன்றே மாதத்தில் மாதம் எட்டாயிரம்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சந்தை தெரியவில்லை, அல்லது உங்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வலை 1: காசு கட்டினால் குரல் தேர்வு

"பயிற்சியின் கடைசி நாளில் வானொலி நிலையத்துத் தயாரிப்பாளர் நேரில் வந்து குரல் தேர்வு நடத்துவார்." இப்படிச் சொல்லிச் சேர்ப்பது பழைய தந்திரம். வருகிறவர் உண்மையிலேயே தயாரிப்பாளர்தானா, அவருடைய நிலையத்துக்கு இது தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

இதை அமெரிக்கா எப்படிப் பார்க்கிறது தெரியுமா? கலிபோர்னியாவில் 2009இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். வேலை தேடும் கலைஞரிடம் தேர்வு வாய்ப்புக்காகப் பணம் வாங்குவது அங்கே குற்றம். அந்தச் சட்டத்தின் கீழ் 2017 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர வழக்கறிஞர் அலுவலகம் ஐந்து பயிற்சிப் பட்டறைகள் மீதும் அவற்றோடு தொடர்புடைய 25 பேர் மீதும் வழக்குப் போட்டது. பட்டறை என்ற பெயரில், நடிகர் தேர்வாளர்கள் முன் நிற்பதற்குக் கலைஞர்களிடம் காசு வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஹாலிவுட் இருக்கும் ஊரிலேயே இது நடக்கிறது என்றால் நம் ஊரில் நடக்காதா?

நம் நாட்டிலும் 1981ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் இருக்கிறது. வேலை வாங்கித் தருகிறேன் என்று கட்டணம் வாங்கித் தொழில் நடத்துகிறவருக்குத் தொழிலாளர் துறையின் உரிமம் வேண்டும். ஆகவே "வேலை உறுதி" என்று சொல்கிறவரிடம், "உரிம எண் என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் பேச்சு மாறும்.

வானொலி நிலையத்துக்கு ஆள் தேவையென்றால் தன் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அறிவிக்கும், தன் அலைவரிசையிலேயே சொல்லும். குரல் தேர்வுக்கு நடுவில் ஒருவர் கட்டணம் கேட்டால் அந்த நிலையத்துக்கே போன் போட்டு விசாரியுங்கள்.

வலை 2: எல்லோருக்கும் ஒரே அச்சில் டெமோ

டெமோ என்பது உங்கள் குரலின் முகவரி. ஒன்றரை நிமிடத்துக்குள் நீங்கள் யார், என்ன செய்வீர்கள் என்று அது காட்ட வேண்டும். ஸ்டூடியோவில் யாரும் சான்றிதழைக் கேட்பதில்லை, டெமோவைத்தான் கேட்பார்கள்.

இது தெரிந்ததால் "பயிற்சியோடு டெமோ இலவசம்" என்று ஆசை காட்டுகிறார்கள். இரண்டு நாள் வகுப்பு. இரண்டாம் நாள் மாலையில் வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். எல்லோருக்கும் அதே நகைக்கடை வாசகம், அதே வீடமைப்புத் திட்ட விளம்பரம், பின்னால் அதே இசை. இருபது பேர் வெளியே வருகிறார்கள், இருபது பேரிடமும் ஒரே டெமோ. அந்த இருபதும் ஒரே விளம்பர நிறுவனத்தின் மேசைக்குப் போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் மூன்றாவதைக் கேட்கும்போதே மிச்சம் பதினேழையும் மூடிவிடுவார். உங்கள் குரல் எப்படி இருந்தது என்பது பேச்சுக்கே வரவில்லை.

பயிற்சி முடிந்த உடனே டெமோ செய்யக் கூடாது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் அறிவுரை. காரணம் எளிது. டெமோவில் இருபது தடவை எடுத்து வெட்டி ஒட்டிய குரலைக் கேட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். நேரில் வந்து, தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும்போது, இரண்டாவது எடுப்பிலேயே அதே குரல் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த ஸ்டூடியோ உங்களை மறுபடி கூப்பிடாது. சரியில்லாத டெமோ, வாய்ப்பு தருவதற்குப் பதில் வாய்ப்பைக் கெடுக்கும்.

வலை 3: அரசாங்க முத்திரை போல ஒரு சொல்

விளம்பரத்தின் மூலையில் சின்னதாக "எச்ஆர்டி கார்ப் கிளைமபள்", அதாவது செலவைக் கோரிப் பெறலாம், என்று போட்டிருப்பார்கள். பார்த்தவுடன் அரசாங்கமே பணம் தருகிறது என்று தோன்றும். மெதுவாகப் படியுங்கள்.

எச்ஆர்டி கார்ப் என்பது மனிதவள மேம்பாட்டுக் கழகம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை அதற்கு லெவியாகக் கட்டுகிறார்கள். அந்த நிதியிலிருந்து தங்கள் ஊழியர்களின் பயிற்சிச் செலவைக் கோருவதும் அந்த முதலாளிகள்தாம். நீங்கள் தனியாளாக, சொந்தமாகக் குரல் வேலை செய்கிறவர் என்றால் உங்களுக்காகக் கோர முதலாளி யாரும் இல்லை. முழுக் கட்டணமும் உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் போகும். "இப்போது கட்டுங்கள், பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், யார் பெயரில், எந்த நிறுவனத்தின் லெவியிலிருந்து என்று கேளுங்கள்.

"அனைத்துலகத் தரச் சான்றிதழ்" என்பதும் இதே ரகம். மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ அங்கீகரித்த படிப்புகளின் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயிடம் கேட்டு உறுதி செய்யலாம். இரண்டிலும் இல்லாத சான்றிதழ், சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்ட மட்டுமே ஆகும். அதற்காகக் கூடுதல் கட்டணம் கட்டாதீர்கள்.

வலை 4: சென்னை ஆசை

"எங்களுக்குக் கோடம்பாக்கத்தில் ஆள் இருக்கிறது. பெரிய படத்தில் டப்பிங் வாங்கித் தருகிறோம்." இந்த ஒரு வாக்கியத்துக்கு மயங்காத தமிழ்க் குரல் உண்டா? மயங்குவதற்கு முன் அங்கே நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னையில் டப்பிங் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. திரைப்பட வேலைக்கு அந்த உறுப்பியம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாடகி சின்மயியின் கதை போதும். '96' படத்தில் த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்துப் பெயர் வாங்கிய அதே 2018ஆம் ஆண்டில், சந்தா கட்டவில்லை என்று காரணம் சொல்லி அந்தச் சங்கம் அவரை நீக்கியது. அவர் அதை ஏற்கவில்லை. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2023இல் 'லியோ' படத்தில் அவர் மறுபடி த்ரிஷாவுக்குத் தமிழில் குரல் கொடுத்ததே பெரிய செய்தியானது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டிய பாடம் இது: ஊர் உலகம் அறிந்த ஒரு கலைஞருக்கே சங்கம் இல்லாமல் டப்பிங் வேலை இவ்வளவு சிக்கல் என்றால், கிள்ளானிலிருந்து ஒரு வார இறுதிப் பயிற்சி முடித்துவிட்டுப் போகிறவருக்குக் கதவு தானாகத் திறந்துவிடுமா? அதோடு மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இந்தியாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அதற்குரிய விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய் டப்பிங் பேசலாம் என்று சொல்கிறவர் உங்களை வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறார்.

அங்கிருந்து ஒரு பிரபலத்தை இங்கே கூட்டி வந்து பட்டறை நடத்துகிறோம் என்றாலும் கேள்வி உண்டு. வெளிநாட்டவர் இங்கே பயிற்சி நடத்தக் குடிநுழைவுத் துறையின் முறையான அனுமதி தேவை. ஏற்பாட்டாளர் அதை எடுத்திருக்கிறாரா? பிரபலம் எத்தனை மணி நேரம் உங்களோடு இருப்பார்? பாடம் நடத்துவாரா, அல்லது படம் பிடித்துக்கொண்டு பொன்னாடை வாங்கிப் போய்விடுவாரா?

வலை 5: உங்கள் குரலே களவு போகும்

மேலே சொன்ன நான்கிலும் போவது பணம். இதில் போவது குரல்.

நியூயார்க்கைச் சேர்ந்த பால் லேர்மன், லினியா சேஜ் இருவரும் குரல் கலைஞர்கள், கணவன் மனைவி. 2019இலும் 2020இலும் ஃபைவர் தளத்தின் வழியாகப் பெயர் தெரியாத ஆட்கள் இவர்களிடம் குரல் பதிவு கேட்டார்கள். லேர்மனிடம் ஆராய்ச்சிக்கு மட்டும் என்றார்கள், 1,200 டாலர் கொடுத்தார்கள். சேஜிடம் வானொலி விளம்பரச் சோதனை என்றார்கள், 400 டாலர். வேலை முடிந்தது, மறந்துவிட்டார்கள். 2023இல் இருவரும் காரில் போய்க்கொண்டு ஒரு வலையொலி கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் கலைஞர்களுக்கு என்ன ஆபத்து என்று பேச்சு. அங்கே பதில் சொல்லிக்கொண்டிருந்த இயந்திரத்தின் குரல் லேர்மனுடைய குரல்! லோவோ என்ற நிறுவனம் தங்கள் இருவர் குரலையும் வேறு பெயர்களில் விற்கிறது என்று 2024 மே மாதத்தில் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் நீதிபதி சில கோரிக்கைகளைத் தள்ளிவிட்டு, ஒப்பந்த மீறல் உள்ளிட்ட சிலவற்றைத் தொடர அனுமதித்தார்.

இதற்கும் பயிற்சி வகுப்புக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது. "வீட்டுப் பாடம்" என்று சொல்லி, தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான வாக்கியங்களைத் தெளிவாக வாசித்து அனுப்பச் சொன்னால் சந்தேகப்படுங்கள். இன்றைய கருவிகளுக்கு ஒரு குரலை நகலெடுக்கச் சில நிமிடத் தெளிவான பதிவே போதும். நல்ல பயிற்சியாளர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் பேச வைப்பார். ஆயிரம் வாக்கியத்தை ஒரே மாதிரி வாசிக்கச் சொல்ல அவருக்குத் தேவையில்லை.

சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள். "பதிவு செய்யப்படும் எல்லா ஒலிகளும் நிறுவனத்துக்கே சொந்தம், எந்நாட்டிலும், எந்த ஊடகத்திலும், எக்காலத்துக்கும் பயன்படுத்தலாம்" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். பயிற்சி என்று நீங்கள் பேசியது நாளை யாருடைய விளம்பரத்திலாவது வரும், உங்களுக்கு ஒரு காசும் வராது. அந்த வரியை அடித்துவிட்டு, "பயிற்சிக்கு மட்டும், வணிகப் பயன்பாட்டுக்கும் செயற்கைக் குரல் உருவாக்கவும் அனுமதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குரலுக்கு என்ன மதிப்பு என்று இன்னும் சந்தேகமா? 2024இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உயிர்ப்பித்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். மறைந்தவர்கள் குரலுக்கே அனுமதியும் ஊதியமும் உண்டு. உயிரோடு இருக்கும் நீங்கள் ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்?

அப்படியானால் நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?

உங்களைப் புகழாது. முதல் நாளே திருத்தும். "கிள்ளானில் இப்போது மூன்று கிளைகள்" என்று ஒரு விளம்பர வரி. நல்ல ஆசிரியர் இதை உங்களிடம் கொடுத்துவிட்டு, யாரிடம் பேசுகிறீர்கள் என்று முதலில் கேட்பார். 'கிள்ளானில்' என்பதில் அழுத்தினால் கோலாலம்பூர்க்காரருக்கு இந்தக் கடை இல்லை என்று பொருள் வரும். 'இப்போது' என்பதில் அழுத்தினால் முன்பு ஒன்றுதான் இருந்தது என்று தெரியும். 'மூன்று' என்பதில் அழுத்தினால் கடைக்காரரின் பெருமை தெரியும். கடைக்காரருக்கு எது வேண்டும்? அதைக் கேட்டுப் பேச வேண்டும். பிறகு, "அதையே சிரிக்காமல் சிரிப்போடு சொல்லுங்கள்" என்பார். இன்னொரு தடவை, "ஒன்றரை விநாடி குறையுங்கள், வேகம் தெரியக் கூடாது" என்பார். அந்த ஒரு வரியிலேயே அரை மணி நேரம் போகும். பயிற்சி என்றால் அதுதான்.

நம் உச்சரிப்பையும் அவர் விடமாட்டார். 'மழை' 'மளை' ஆகிறதா? 'பள்ளி' 'பல்லி' ஆகிறதா? 'அரம்' எது, 'அறம்' எது? மலாய் இடப்பெயரைத் தமிழ் வாக்கியத்துக்குள் தடுக்காமல் சொல்ல வருகிறதா? ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்த்த வசனத்தை 30 விநாடிக்குள் மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா? எங்கே மூச்சு எடுப்பது என்று வசனத்தாளில் பென்சிலால் கோடு போடக் கற்றுத் தருகிறாரா?

தொழில்நுட்பமும் வேண்டும். இன்று பாதி வேலை வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புவது. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு சாண் தூரம், 'ப' ஒலி வெடிக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசுவது, மின்விசிறியும் குளிரூட்டியும் நிறுத்திய அறை, துணி அடைத்த அலமாரிப் பக்கம் நின்று எதிரொலியைக் குறைப்பது. அமேசானின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ், உச்ச ஒலி மைனஸ் 3 டெசிபலைத் தாண்டக் கூடாது, பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எண்ணால் கேட்கிறது. இதை அளக்கவும் திருத்தவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். இதையெல்லாம் தொடாமல், "உங்களுக்குள் இருக்கும் சிங்கத்தை எழுப்புங்கள்" என்று இரண்டு நாள் கைதட்ட வைத்தால் அது தன்னம்பிக்கைக் கூட்டம். அதற்குக் குரல் பயிற்சிக் கட்டணம் எதற்கு?

எங்கே தேடுவது? அங்காசாபுரியில் துன் அப்துல் ரசாக் ஒலிபரப்பு, தகவல் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஒலிபரப்புத் துறைக்கென்றே உள்ள அரசாங்கக் கழகம் அது. வெளியாருக்கு இப்போது என்ன பயிற்சி உண்டு என்று முதலில் அங்கே விசாரியுங்கள். அடுத்து, இன்றும் வேலையில் இருக்கும் குரல் கலைஞரிடமோ ஒலிப்பதிவாளரிடமோ மணிக் கணக்கில் தனிப் பயிற்சி கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள், பயன் இருந்தால் தொடருங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்லும் இடத்தைவிட இது எவ்வளவோ மேல்.

பணம் கட்டும் முன் ஏழு கேள்வி

1. நிறுவனத்தின் பதிவு எண் என்ன? எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

2. பணம் யார் கணக்குக்குப் போகிறது? நிறுவனத்தின் பெயரில் பேசிவிட்டுத் தனியாள் கணக்கு எண் கொடுத்தால் நிறுத்துங்கள். காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். அங்கே புகார் இல்லை என்பதாலேயே நல்லவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

3. பயிற்சியாளர் கடைசியாக என்ன குரல் வேலை செய்தார்? கேட்கத் தரச் சொல்லுங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய ஒரே விளம்பரத்தைக் காட்டினால் யோசியுங்கள்.

4. வகுப்பில் எத்தனை பேர்? ஒலிவாங்கி முன் எனக்கு எத்தனை நிமிடம்?

5. முன்பு படித்த மூன்று பேரிடம் நானே பேசலாமா? விளம்பரத்தில் வரும் சாட்சிக் காணொளி கணக்கில் சேராது.

6. பணம் திரும்பக் கிடைக்கும் விதி எழுத்தில் இருக்கிறதா?

7. என் பதிவுகள் யாருக்குச் சொந்தம்?

உண்மையான ஆசிரியர் இந்த ஏழுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். "நம்பிக்கை இல்லாதவர்கள் முன்னேற முடியாது" என்று உங்களையே குற்றவாளி ஆக்கினால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா?

வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். அந்த மௌனம்தான் அவர்களுடைய மூலதனம். பணம் போட்டவுடன் ஆள் காணாமல் போனால், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள், ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பிறகு காவல் நிலையத்தில் புகார். உரையாடல், விளம்பரம், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்கள் அழிக்கும் முன் நீங்கள் சேமித்துவிட வேண்டும்.

ஆள் இருக்கிறார், ஆனால் சொன்னபடி வகுப்பு நடத்தவில்லை, பணத்தையும் தரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்கள் கோரிக்கை அங்கே செல்லுமா என்ற சந்தேகம் இருந்தால் மனுவுக்கு முன் அவர்களிடமோ பயனீட்டாளர் சங்கத்திடமோ கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை குரல் தொழிலுக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். ஆனால் பணம் கட்டும் அன்று கூடவே போங்கள், படிவத்தை வாங்கிப் படியுங்கள். ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரையும் படத்தையும் யாருடைய விளம்பரத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். உங்களை நம்பித்தான் ஒரு கிள்ளான் பிள்ளை பணம் கட்டுகிறது.

குரல் தேர்வுக்குக் காசு கட்டாதீர்கள். வேலை உறுதி என்பவரிடம் சேராதீர்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மூன்றையும் இன்றே உங்கள் நண்பர்களின் புலனக் குழுவில் போட்டுவிடுங்கள். அந்த "இன்னும் 2 இடம்தான் பாக்கி" செய்தி அடுத்து அங்கேதான் வரும்.